பந்தை மெல்லத் தொடுங்கள்

பெங்களூரில் ஆஸ்டின் டவுன் என்று ஒரு பகுதி இருக்கிறது. இங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் பல. கால்பந்து என்றால் எங்கள் ஆட்களுக்கு உயிர். டீக்கடையில் நின்றாலும் பந்துப் பேச்சுதான்.

எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். ஆட்டோ ஓட்டுகிறார். வயது 44. இரவு வகுப்பில் என்னிடம் படிக்கிறார். சின்ன வயதில் நன்றாகப் பந்து ஆடியவர். கல்யாணம் ஆனது. ஆட்டோ வந்தது. பந்து போனது. பகல் முழுவதும் உட்கார்ந்தே வேலை. தொப்பை விழுந்தது. சர்க்கரை நோயும் வந்தது. மாத்திரை கொடுத்த டாக்டர், "தினமும் உடம்பு அசையணும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மாமா மைதானத்துக்குப் போய்விட்டார். இருபது வயதுப் பையன்களோடு ஆடினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஓடும்போது கெண்டைக்காலில் சுளீர் என்றது. தசை கிழிந்துவிட்டது. மூன்று வாரம் ஆட்டோ ஓடவில்லை. அத்தை கடன் வாங்கித்தான் அடுப்பு எரித்தார்.

பல வருடம் ஓடாத கால் அது. திடீரென்று வேகமாக ஓடினால் தசை தாங்காது. உடம்பு சூடாகும் முன்பே ஓடினால் ஆபத்து இன்னும் அதிகம்.

கால் குணமானது. டாக்டரிடம் கேட்டோம். மெல்ல ஆரம்பிக்கலாம் என்றார். எங்கள் சந்திலேயே ஆரம்பித்தோம்.

"மாமா, ஷூ போட்டுக்கோங்க."

"போ தம்பி! வெறுங்காலோட ஒலிம்பிக்லயே ஆடினாங்க."

அது உண்மைதான். 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் நம் வீரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். பிரான்ஸ் 2-1 என்று வென்றது. நம் பக்கத்து ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். ஆனால் மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறதே! சர்க்கரை நோயில் பாதத்தில் உணர்ச்சி குறையலாம். கல் குத்தினாலும் தெரியாது. புண் சீக்கிரம் ஆறாது. அதனால் ஷூ வேண்டும். ஆடி முடித்ததும் பாதத்தைப் பார்க்க வேண்டும். இதைச் சொன்ன பிறகுதான் மாமா கேட்டார்.

முதல் ஐந்து நிமிடம் நடை மட்டும். பிறகு பந்து. பந்தைக் காலுக்கு முன்னால் வையுங்கள். வலது பாதத்தால் பந்தின் மேல் தொடுங்கள். பிறகு இடது பாதத்தால் தொடுங்கள். உடம்பு பாரத்தைப் பந்தின் மேல் போடாதீர்கள். வழுக்கிவிடும். பயமாக இருந்தால் சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். இருபது எண்ணும் வரை செய்யுங்கள். பிறகு நன்றாக மூச்சு விடுங்கள்.

அடுத்தது சுவர். பத்து அடி தள்ளி நில்லுங்கள். பாதத்தின் உள்பக்கத்தால் பந்தைச் சுவரில் தட்டுங்கள். திரும்பி வரும் பந்தை நிறுத்துங்கள். மறுபடி தட்டுங்கள். இரண்டு காலாலும் பழகுங்கள். இது எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி. கூட ஆட ஆள் வேண்டாம். சுவர் சலித்துக்கொள்ளாது!

இரண்டு வாரம் போகட்டும். பிறகு ஐந்து செருப்புகளை வரிசையாக வையுங்கள். நடுவில் இரண்டு அடி இடம் விடுங்கள். பந்தை வளைத்து வளைத்துக் கொண்டு போங்கள். முதலில் நடந்தே போங்கள். ஓட்டம் பிறகு.

ஆடும்போது பேச முடிய வேண்டும். பேச்சே வரவில்லையா? வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்துங்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் பையில் கொஞ்சம் சர்க்கரை வைத்திருங்கள். கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போடுங்கள்.

வாரத்துக்கு 150 நிமிடம் உடம்பு அசைந்தால் நல்லது. ஒரு நாளுக்கு அரை மணி, ஐந்து நாள். மாமா பத்து நிமிடத்தில் ஆரம்பித்தார். தினமும் நோட்டில் எழுதுகிறார். முதல் நாள் எழுதியது இது:

"செவ்வாய். சுவர். வலது 10. இடது 4. மூச்சு வாங்கியது."

'மூச்சு' என்பதை முதலில் 'முச்சு' என்று எழுதியிருந்தார். அவரே அடித்துத் திருத்தினார்.

எழுதிப் பழகுங்கள்: இன்று என்ன கிழமை? எத்தனை நிமிடம் நடந்தீர்கள் அல்லது ஆடினீர்கள்? உடம்பு எப்படி இருந்தது?