ஆற்றங்கரை மரங்களும் ஆப்பிரிக்க யானைகளும்

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள நாடு போட்ஸ்வானா. அதன் வட எல்லையில் சோபே என்னும் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் ஒரு காலத்தில் தழைத்து நின்ற பெருமரங்கள் பல பட்டுப்போய்விட்டன. அவற்றை அழித்தது யார்? "யானைதான்" என்று நாம் உடனே விடை கூறிவிடுவோம். அவ்விடை முழுமையானதா என்று ஆராய்வோம்.

யானை செய்வது என்ன?

வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ இரை தின்னும். 100 லிட்டருக்கு மேல் நீர் பருகும். மழைக்காலத்தில் யானைகள் ஆங்காங்கே தேங்கிய நீரை நம்பிப் பரந்து திரிகின்றன. குட்டைகள் வற்றியதும் ஆற்றங்கரைக்கு வந்து சேர்கின்றன. அப்போது புல்லும் காய்ந்துவிடுவதால் மரங்களே அவற்றுக்கு உணவு. கிளைகளை ஒடிக்கின்றன; தந்தத்தால் பட்டையை உரிக்கின்றன. இலைகள் தயாரிக்கும் உணவு உட்பட்டை வழியாகவே வேருக்குச் செல்கிறது என்பதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். எனவே சுற்றிலும் பட்டை இழந்த மரத்தின் வேர் பட்டினி கிடக்கிறது. மரமும் மெல்ல மெல்லச் சாகிறது.

புதிய மரங்கள் ஏன் வளரவில்லை?

மூத்த மரம் வீழ்ந்தால் இளங்கன்று அவ்விடத்தை நிரப்ப வேண்டும் அல்லவா? ஆய்வாளர்கள் சோபே கரையில் மரக்கன்றுகளை நட்டு, சிலவற்றுக்கு வேலியிட்டு, சிலவற்றை வேலியின்றி விட்டுக் கவனித்தனர். கன்றுகளைப் பெரிதும் அழித்தவை யானைகள் அல்ல. சாதுவான இம்பாலா மான்களே! பெரிய மரத்தை யானை வீழ்த்துகிறது. சிறிய கன்றை மான் மேய்ந்துவிடுகிறது.

பழைய காடு தோன்றிய விதம்

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பது நம் பழமொழி. அந்த இறந்த யானையின் பொன்னுக்காகவே, 19ஆம் நூற்றாண்டில் வேட்டைக்காரர்கள் இப்பகுதி யானைகளை ஏறக்குறைய ஒழித்துவிட்டனர். 1896இல் பரவிய வெக்கை நோய் மாடுகளையும் காட்டெருமை முதலிய விலங்குகளையும் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. மேய்வன குறைந்த அக்காலத்தில் கன்றுகள் தடையின்றி வளர்ந்தன. அவையே பின்னர் நாம் வியக்கும் பெருமரங்களாயின. ஆகவே அந்தக் காடு, மனிதனின் பேராசையும் கொள்ளைநோயும் விட்டுச்சென்ற இடைவெளியில் எழுந்த காடு எனலாம்.

யானையால் நன்மை இல்லையா?

உண்டு. வேல மரத்துக்கு உறவான அனா மரத்தின் காய்களை யானை விரும்பித் தின்கிறது. அதன் விதைகள் இலத்தியோடு வெளிவந்து தொலைவான இடங்களிலும் முளைக்கின்றன. மரம் வீழ்ந்த இடத்தில் வளரும் புதர்கள் வேறு பல விலங்குகளுக்குத் தீனியாகின்றன. ஆயினும் உயர்ந்த மரங்களில் கூடு கட்டும் பறவைகள் இடமிழப்பதையும் நாம் மறுக்க இயலாது.

முடிவுரை

2022இல் எடுத்த கணக்கின்படி போட்ஸ்வானாவில் சுமார் 1,30,000 யானைகள் உள்ளன. அவற்றைச் சுட்டுக் குறைத்தால் காடு மீளும் என்போர் உண்டு. ஆனால் யானையைக் கொன்றாலும், மான்கள் மிகுந்திருக்கும்வரை கன்றுகள் எப்படித் தலைதூக்கும்? கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதே குற்றவாளி என்று முடிவு செய்வது எளிது. சிறியதையும், பழைய வரலாற்றையும் சேர்த்து நோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறுதல் அறிவுடைமை. இதுவே சோபே ஆற்றங்கரை நமக்குக் கற்பிக்கும் பாடம்.