வேலியே பயிரை மேய்ந்தால்...



"டிப்ளமோ படிக்கிறவனுக்குப் பாரசீக அரண்மனை எதுக்குப்பா?" என்று கேட்காதீர்கள். கடைசி வரை படியுங்கள், நம்ம பாடமும் வரும்.

கி.மு. 486-ல் பாரசீகப் பேரரசின் அரியணை ஏறியவர் முதலாம் சேர்க்சஸ். அவருடைய மெய்க்காவல் தலைவன் அர்த்தபானஸ். அந்தப் பதவியின் பெயர் 'ஹஸாரபதி', அதாவது ஆயிரவர் தலைவன். இந்தியில் சொல்லும் 'ஹஜார்', நம்ம 'தளபதி'யில் இருக்கும் 'பதி' இரண்டும் இதன் சொந்தக்காரச் சொற்கள்தான்!

காவல் என்றால் சும்மாவா? கி.மு. 480-ல் கிரேக்கத்தின் மீது படையெடுத்தபோது மன்னரிடம் 'சாகாதவர்' என்ற 10,000 வீரர்கள் இருந்தார்கள். ஒருவர் செத்தால் உடனே இன்னொருவர் அந்த இடத்துக்கு வருவார், எண்ணிக்கை குறையாது. அவர்களில் 1,000 பேரின் ஈட்டி அடியில் பொன் மாதுளை, மீதி 9,000 பேருக்கு வெள்ளி மாதுளை என்று எழுதுகிறார் ஹெரோடோட்டஸ்.

அர்த்தபானஸின் பலம் ஈட்டியில் மட்டும் இல்லை, வாசற்கதவிலும் இருந்தது. அடைக்கலம் தேடி வந்த கிரேக்கத் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் முதலில் இவனைத்தான் பார்க்க வேண்டியிருந்தது என்கிறார் புளூட்டார்க். "மன்னரை விழுந்து வணங்கினால் நேரில் பேசலாம், இல்லாவிட்டால் ஆள் மூலம்தான்" என்றானாம். ஆக, மன்னரின் உயிரும் இவன் கையில், மன்னர் காதுக்குப் போகும் சேதியும் இவன் கையில்.

கி.மு. 465-ல் சேர்க்சஸ் படுக்கையறையிலேயே கொல்லப்பட்டார். கொன்றவன் அர்த்தபானஸ் என்கிறார்கள் கிரேக்க ஆசிரியர்கள். அதோடு விடவில்லை. "உன் அண்ணன் தாரியஸ்தான் கொன்றான்" என்று இளவரசர் அர்த்தக்சேர்க்சஸிடம் சொன்னான். தம்பி நம்பினார், அண்ணன் செத்தார். பின்னால் உண்மை தெரிந்ததும் அர்த்தபானஸையும் கொன்றார் புது மன்னர். ஆனால் பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று, சேர்க்சஸைக் கொன்றது அவர் மகன் என்கிறது! அரிஸ்டாட்டில் இன்னொரு வரிசை சொல்கிறார்: தாரியஸ் முதலில், மன்னர் பிறகு. அன்றைக்குக் கிளம்பிய குழப்பம் இன்றைக்கும் தீரவில்லை.

இப்போ நம்ம பாடம். பாய்லரில் சேஃப்டி வால்வு ஒன்று போதாதென்று இரண்டு வைக்கிறோம். தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கண்ணாடியும் இரண்டு. ஏன்? காப்பதும் ஒன்று, சேதி சொல்வதும் அதே ஒன்று என்றால், அது கெட்ட நாளில் நமக்குத் தெரியவே தெரியாது. பத்தாயிரம் ஈட்டி வைத்திருந்த சேர்க்சஸிடம் இரண்டாவது கேஜ் இல்லை.

யூனியன் கணக்கும் அப்படித்தான் நண்பர்களே! செலவு செய்கிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் இன்னொருவர். இது சந்தேகம் இல்லை, நல்லவனையும் காப்பாற்றுகிற ஏற்பாடு.