அரக்கேரியாவின் நுனிக்குருத்து



நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்ற பெயரில் விற்கப்படும் அரக்கேரியா, ஆண்டு முழுவதும் பசுமை மாறாத ஊசியிலை மரம். நியூசிலாந்துக்கும் நியூ கலிடோனியாவுக்கும் நடுவே பசிபிக் கடலில் உள்ள நார்ஃபோக் தீவு இதன் தாயகம். 1774இல் அத்தீவில் இறங்கிய கேப்டன் குக், கப்பலின் பாய்மரத் தண்டுக்கு ஏற்ற மரம் என்று இதைக் கருதினார். தாய்மண்ணில் 50 மீட்டரைத் தாண்டி உயர்வதால், சுவரோரத்திலோ மின்கம்பியின் கீழோ இதை நடக்கூடாது.

இம்மரத்தின் அழகு அதன் அடுக்குகளில் இருக்கிறது. நடுத்தண்டில் ஒரே மட்டத்தில், பெரும்பாலும் ஐந்து கிளைகள் சக்கரத்தின் ஆரங்கள் போல விரியும். சற்று இடைவெளி விட்டு அடுத்த அடுக்கு எழும். புதிய அடுக்குகளைத் தருவது உச்சியிலுள்ள ஒற்றை நுனிக்குருத்து. அது ஒடிந்தால் பக்கக்கிளை நிமிர்ந்து அதன் இடத்துக்கு வராது. தண்டிலிருந்து புதுத் தளிர்கள் கிளம்பினாலும் பழைய சீர் அமைவது அரிது. பக்கக்கிளையை வெட்டி வேர்விடச் செய்தாலும் அது படுக்கைவாட்டில்தான் வளரும். நேரான மரம் வேண்டுமென்றால் நுனித்தண்டு அல்லது விதையே வழி. விதையின் முளைப்புத்திறன் விரைவில் குறைந்துவிடும் என்பதால் கிடைத்தவுடன் ஊன்ற வேண்டும்.

தொட்டிக்குச் செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றும் கலந்த மண் ஏற்றது. அடியில் வடிதுளை அடைபடக்கூடாது. விரலை மண்ணுக்குள் ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் துளை வழியே வடியும்வரை நீர் ஊற்ற வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். வெளிச்சம் ஒரு பக்கமாக வந்தால் மரம் அப்பக்கம் சாயும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்றுத் திருப்பினால் அடுக்கு சமமாக விரியும்.

கீழடுக்கின் ஊசியிலைகள் பழுப்பது முதல் எச்சரிக்கை. வெளிச்சக் குறைவு, வறண்ட காற்று, நீர் மிகுதி, நீர்க்குறைவு ஆகிய நான்கில் எது காரணம் என்று உடனே கண்டறிய வேண்டும். உதிர்ந்த கிளையின் இடத்தில் வேறு கிளை முளைக்காது. கிளைக் கணுக்களில் வெள்ளைப் பஞ்சு போலத் தெரிவது மாவுப்பூச்சி. எறும்பு ஏறுவது அதன் அடையாளம். தொடக்கத்திலேயே துடைத்து நீக்கிவிட்டால் பரவாது.

கத்தரி எடுத்து வெட்டி அழகாக்கும் மரம் இதுவல்ல. காய்ந்த கிளையை நீக்குவதற்கு மேல் கத்தரிக்கு இங்கே வேலையில்லை. இருக்கும் அடுக்குகளைக் காப்பதும் நுனிக்குருத்தைப் பேணுவதுமே இதை வளர்ப்பவரின் கலை.