வலிக்கு ராஜினாமா மருந்தா?

கேள்வி: பள்ளி ஆசிரியை நான். இரண்டு வருடமாக இடுப்பு வலி. ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்கிறார்கள். வேலையை விடச் சொல்கிறார் கணவர். எனக்கோ வகுப்பறைதான் உயிர். என்ன செய்வது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். மூன்று மாதத்தைத் தாண்டினால் அது நாள்பட்ட வலி. புதிதாக அடிபட்டால் வரும் வலி, காயத்தைப் பற்றிய எச்சரிக்கை. நாள்பட்ட வலியிலோ, பெரிய காயம் இல்லாதபோதும் நரம்பு மண்டலம் அதே எச்சரிக்கையை எழுப்பிக்கொண்டே இருக்கலாம். ஸ்கேனில் ஒன்றும் தெரியாததால் உங்கள் வலி பொய்யாகிவிடாது. படுத்தே கிடந்தால் தீர்ந்துவிடவும் செய்யாது. இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டி, உடற்பயிற்சியையும் வலியைப் பற்றிய புரிதலையும் பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது.

‘நின்று நின்றுதானே இந்த வலி வந்தது?’ என்பார் கணவர். நியாயமான கேள்விதான். ஆனால் மாற்ற வேண்டியது ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதை, வேலையை அல்ல. கரும்பலகை அருகே உயரமான ஸ்டூல், நோட்டுக் கட்டைத் தூக்க ஒரு உதவி, தொடர்ந்து மூன்று பீரியட் வராத டைம்டேபிள், திருத்தும்போது அவ்வப்போது எழுந்து நாலு எட்டு நடை. இவற்றைத் தலைமை ஆசிரியரிடம் கேட்பது சலுகை கேட்பதாகாது. அனுபவமுள்ள ஆசிரியையை இழப்பதைவிடப் பள்ளிக்கு இது லாபம். வேலையை விட்டால் நடமாட்டம் குறையும், பேச்சுத்துணை குறையும், கவனம் முழுக்க வலிமேல் திரும்பும்.

ஒன்று மட்டும்: கால் பலமிழந்தாலோ, சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாமல் போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இத்தனையும் செய்து சில மாதங்களுக்குப் பிறகும் முடியவில்லை என்றால், அப்போது விடுவதைப் பற்றி யோசிக்கலாம்.