மருமகளுக்கு, ஒரு கிரேக்க வினைச்சொல் பற்றி



ஏதென்ஸில் வேலை தேடுகிற அவசரத்தில் செயப்பாட்டு வினையைத் தள்ளிவைத்துவிட்டாய் என்று அக்கா சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து மனசு கேட்கவில்லை. இலக்கணம் என்றாலே எழுந்து போய்விடுகிற நம் வீட்டுப் பழக்கம் உன்னையும் பிடித்துவிடக் கூடாது. 'ப்ரொஸ்லம்வானொமெ', அதாவது 'பணிக்கு எடுக்கப்படுகிறேன்' என்ற வினையை நீ முழுசாகக் கற்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. தெருவில் யாரும் அப்படிப் பேசுவதில்லை என்பாய். வாஸ்தவம்தான். 'மெ பீரன்' (என்னை எடுத்துக்கொண்டார்கள்) என்றோ 'வ்ரீகா துலியா' (வேலை கிடைத்தது) என்றோதான் சொல்வார்கள். ஆனால் ஒப்பந்தத்திலும் அரசு அறிவிப்பிலும் செய்தித்தாளிலும் நீ சந்திக்கப்போவது அந்தப் பெரிய வினையைத்தான். 1976இல் மக்கள் பேச்சான திமொத்திகியைப் பள்ளி மொழியாக்கினார்கள். அதற்குமுன் ஆண்ட கதரேவுசா என்ற ஏட்டு நடை அலுவலக எழுத்தில் இன்னும் தங்கியிருக்கிறது. 'பணிக்கு எடுக்கப்பட்டார்' என்பதற்கு 'ப்ரொசெலீஃப்தி' என்ற பழைய வடிவத்தைச் செய்திகளில் இன்றும் பார்க்கலாம்.

கைபேசிச் செயலிகள் மேல் எனக்குள்ள கோபம் உனக்குத் தெரியும். வாக்கியத்தை ஒப்பிக்க வைக்கின்றன, வினையின் அடியைக் காட்டுவதில்லை. இங்கே அடிதான் விஷயம். நிகழ்காலத்தில் 'லம்வான்' என்று நிற்பது இறந்தகால, எதிர்காலச் செயப்பாட்டில் 'லிஃப்த்' ஆகிறது: 'ப்ரொஸ்லீஃப்திகா', எடுக்கப்பட்டேன், 'தா ப்ரொஸ்லிஃப்தோ', எடுக்கப்படுவேன். இந்த ஒரு மாற்றம் பிடிபட்டால் பெற்றுக்கொள்வது, பொறுப்பேற்பது, கைது செய்வது என்று அதே அடியில் பிறந்த வினைகளும் வசப்படும். தமிழிலேயே 'படு' போட்டுப் பேசுவதில்லையே, செயப்பாட்டில் பேசினால் கையாலாகாதவள் போலத் தொனிக்காதா என்று நீ கேட்கலாம். கிரேக்கத்தில் அந்தக் கவலை வேண்டாம். 'எர்காசொமெ' என்றால் 'வேலை செய்கிறேன்', 'எர்கொமெ' என்றால் 'வருகிறேன்'. இரண்டும் வடிவத்தில் செயப்பாடு, பொருளில் செய்வினை. அந்த விகுதியை நீ தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாய்.

பேச்சு மொழியோடு நிறுத்துவதா, மேலே போவதா என்பது உன் முடிவு. நான் வற்புறுத்தவில்லை. ஒன்றை மட்டும் யோசி. 'வேலையிலிருந்து நீக்கப்பட்டேன்' என்பதும் அதே விகுதியில்தான் வருகிறது: 'அபொலீத்திகா'. எடுத்ததையும் நீக்கியதையும் சொல்லும் தாளை அடுத்தவர் படித்துச் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டுமா? அந்நிய ஊரில் கையெழுத்துப் போடுகிற பெண்ணுக்கு அது ஆகாது.

அதிகம் பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. நீ கெட்டிக்காரி, புது ஊரில் புது மொழியில் தனியாக நிற்கும் தைரியம் நம் வீட்டில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, அம்மாவிடம் அடிக்கடி பேசு. முடிந்தால் இந்த வாரமே அந்த வினையை எல்லாக் காலத்திலும் எழுதிப் பார், கண்ணு.

உன் மாமா