முற்றத்து வெய்யிலில் சுடுதண்ணீர்

தோட்டம் செய்தவர்களுக்கு இந்தப் பாடத்தின் முதல் பகுதி ஏற்கனவே தெரியும். மத்தியானத்தில் இயந்திரத்தைத் தொடக்கி இறைக்கும்போது, வெய்யிலில் கிடந்த கறுத்தக் குழாயிலிருந்து முதலில் வரும் தண்ணீர் கையைச் சுடும். மிளகாய்க் கன்று வாடிவிடும் என்று அதை வாய்க்காலில் ஓடவிட்டு, குளிர்ந்த தண்ணீர் வந்த பின்னரே பாத்திக்குத் திருப்புவீர்கள். அப்படி வீணாக ஓடவிட்ட சூட்டைப் பற்றியே இங்கே பேசப் போகிறோம்.

உடுவிலிலும் அயலிலுள்ள சுன்னாகம், மல்லாகம் பகுதிகளிலும் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் நீண்ட காலம் வாழ்ந்தன. போர் முடிந்த பின் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட, பலர் திரும்பிச் சென்றனர். சிலர் இன்னும் பிறருடைய வளவில் இருக்கின்றனர். சொந்தக் காணியில் இருந்தபோது விறகு ஒரு பிரச்சினையே அல்ல. பனையில் காவோலை, பன்னாடை, ஊமல். தென்னையில் மட்டை, பொச்சு. வேலியில் வெட்டிய கிளைகள் என்று எல்லாம் அடுப்படிக்கு வந்து சேரும். மற்றவர் காணியில் குடியிருப்பவருக்கோ விழுந்த ஓலைக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. ஒரு காவோலையை எடுத்த வாக்குவாதத்தில் இரண்டு குடும்பங்கள் மூன்று மாதம் முகம் பாராமல் இருந்ததை நாம் நேரில் கண்டிருக்கிறோம். சமையலுக்கே விறகு தேட வேண்டிய வீட்டில், குளிக்கத் தண்ணீர் சுட வைப்பது ஆடம்பரமாகத் தோன்றும். ஆனால் கைக்குழந்தை, பிள்ளை பெற்ற தாய், மூட்டு நோவுள்ள முதியவர் ஆகியோர் இருக்கும் வீட்டில், அதுவும் மார்கழி, தை மாதப் பனியில், அது ஆடம்பரம் அல்ல.

விலை கொடுத்து எரிபொருள் வாங்கலாம் என்றால், அதிலும் நாம் இரண்டு முறை அடிபட்டவர்கள். 1990இல் மின்சாரம் நின்று, மண்ணெண்ணெய் தடைப்பட்ட பொருளாகி, ஜாம் போத்தலில் துளி எண்ணெய் விட்டுப் பிள்ளைகள் படித்த காலம் முதலாவது. இரண்டாவது 2022. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. எரிவாயுச் சிலிண்டருக்கு விடியற்காலையிலிருந்து வரிசை. ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அந்த ஆண்டிலேயே நாம் இந்த முயற்சியைத் தொடங்கினோம்.

ஒரு வாளித் தண்ணீரின் கணக்கு

எமது கிணற்றுத் தண்ணீர் ஏறக்குறைய 28 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கிறது. குளிக்க 40 பாகை போதும். ஆயினும் 50 பாகைக்குச் சூடாக்கினால் பச்சைத் தண்ணீர் கலந்து கூடுதலான பேர் குளிக்கலாம். 20 லீற்றர் கொண்ட ஒரு வாளியை 50 பாகைக்குக் கொண்டுவர, மின்சாரமானால் அரை அலகு வேண்டும். மூன்று கல் அடுப்பிலோ காய்ந்த விறகு ஒரு கிலோ அளவில் எரியும். விறகில் உள்ள சூட்டில் எட்டில் ஒரு பங்குதான் பானைக்குப் போகிறது. மிகுதி புகையோடும் காற்றோடும் போய்விடுகிறது. அந்தப் புகையைக் கண்ணிலும் நெஞ்சிலும் வாங்குபவர் யார் என்பதை ஆண்கள் சற்று யோசிக்க வேண்டும். நாளுக்கு மூன்று வாளி என்றால் மாதத்துக்கு 90 கிலோ விறகு. அதைத் தலையில் சுமந்தவருக்கே அதன் பாரம் தெரியும்.

இனி வெய்யிலின் கணக்கு. நல்ல வெய்யில் நாளில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஏறக்குறைய 5 அலகு சூடு விழுகிறது. அதில் நூற்றுக்கு நாற்பதைப் பிடித்தாலும் 2 அலகு. அது 70 லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 50 பாகைக்கு மேல் கொண்டுபோகப் போதுமானது. வெய்யிலுக்கு வரிசையில் நிற்கத் தேவையில்லை.

பழைய அறிவு

இது நேற்றுக் கண்டுபிடித்த விடயம் அல்ல. 1767இல் ஜெனீவாவைச் சேர்ந்த டி சொசூர் என்ற அறிஞர் மரப்பெட்டிக்குக் கண்ணாடி மூடி போட்டு வெய்யிலில் வைத்து, உள்ளே 100 பாகைக்கு மேல் சூடு ஏறுவதைக் காட்டினார். 1891இல் அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில் கெம்ப் என்பவர் கறுப்புப் பூசிய தண்ணீர்த் தாங்கிகளை அப்படியான பெட்டிக்குள் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1909இல் கலிபோர்னியாவில் பெய்லி என்பவர் சூடாக்கும் பகுதியை வேறாகவும், சூட்டைக் காக்கும் தாங்கியை வேறாகவும் பிரித்தார். இன்று கடைகளில் விற்பது பெய்லியின் வழி. முற்றத்தில் நாமே செய்யக்கூடியது கெம்பின் வழி.

எம்மைப் போலவே வெய்யில் நிறைந்த சிறு தீவான பார்படோசில், 1970களில் கனன் அன்ட்ரூ ஹட்ச் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் பழைய பொருட்களைக் கொண்டு சூடாக்கி செய்து காட்டினார். திருச்சபைகளின் அபிவிருத்தி அமைப்பொன்று இத்தொழிலுக்குக் கைகொடுத்தது. 1974இல் அரசு வரிச்சலுகை அளித்தது. இன்று அங்கே பல்லாயிரம் கூரைகளில் வெய்யிலில் தண்ணீர் சூடாகிறது. குருவானவர்கள் பிரசங்கம் மட்டுமே செய்வார்கள் என்று நினைப்போருக்காகவும் இதைச் சொல்லி வைக்கிறோம்.

எமது முதற் தவறு

நாம் முதலில் செய்தது பிழைத்துப் போயிற்று. பெரிதாகச் செய்தால் பல வீட்டுக்கு உதவும் என்று எண்ணி 200 லீற்றர் பீப்பா ஒன்றுக்குக் கறுப்புப் பூசி, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடத்தினோம். நாள் முழுவதும் காய்ந்த பின் மாலையில் கைவைத்துப் பார்த்தால் தண்ணீர் குளிர் விட்டிருந்ததே தவிரச் சுடவில்லை. "சுவாமி, ஒரு சிரட்டை நெருப்பில கிடாரத் தண்ணியச் சுட வைக்கிறியள்" என்றார் பக்கத்தில் நின்ற ஆச்சி ஒருவர். அவர் சொன்னதே முழுப் பாடமும். வெய்யில் விழும் பரப்புச் சிறிது, தண்ணீரோ கூட. அதன் பின் ஓர் அளவை வைத்துக்கொண்டோம்: ஒரு சதுர மீற்றர் கண்ணாடிக்கு 70 லீற்றருக்கு மேல் தண்ணீர் வேண்டாம்.

செய்யும் முறை

50 அல்லது 60 லீற்றர் கொள்ளும் தகரப் பீப்பா ஒன்று தேவை. பழைய இரும்புக் கடையில் வாங்கும்போது அதில் முன்பு என்ன இருந்தது என்று கட்டாயம் கேட்க வேண்டும். கிருமிநாசினி, களைநாசினி, இரசாயனம் இருந்த பீப்பாவை எத்தனை தரம் கழுவினாலும் பாவிக்கக் கூடாது. அது குழந்தையின் உடம்பில் படப்போகும் தண்ணீர். என்ன இருந்தது என்று கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பீப்பாவின் வெளிப்புறத்துக்கு மினுக்கமில்லாத கறுப்பு மை பூசிக் காயவிடவும். அதைக் கிடையாக வைக்கக்கூடிய, மூன்று அடிக்கு மூன்று அடி வாயுள்ள மரப்பெட்டி ஒன்றைச் செய்யவும். பெட்டியின் உட்சுவருக்கு மினுங்கும் தகரம் அடித்தால், பக்கத்தில் விழும் வெய்யிலும் பீப்பாவில் போய்ப் படும். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே மூன்று அங்குலத்துக்குத் தென்னந்தும்பு அல்லது காய்ந்த வைக்கோல் அடைக்கவும். மேலே கண்ணாடி. காற்றுப் போகாமலும் மழை இறங்காமலும் ஓரங்களை அடைப்பது முக்கியம். கண்ணாடி ஒளியை உள்ளே விடும். உள்ளே பிறந்த சூட்டை இலகுவில் வெளியே விடாது. கண்ணாடி வாங்க முடியாதவர்கள் தடித்த வெண் பொலித்தீன் கட்டலாம். ஆனால் அது எமது வெய்யிலில் நீண்ட நாள் நில்லாது.

குழாய் பொருத்துவதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். சூடான தண்ணீர் மேலே நிற்கும், குளிர்ந்தது கீழே இறங்கும். ஆகவே பச்சைத் தண்ணீர் உள்ளே வரும் குழாய் பீப்பாவின் அடிவரை இறங்க வேண்டும். சுடுதண்ணீர் வெளியேறும் குழாய் பீப்பாவின் உச்சியிலிருந்து புறப்பட வேண்டும். உயரத்தில் தாங்கி இல்லாத வீட்டுக்கு ஓர் இலகுவான வழி உண்டு. உட்செல்லும் குழாயின் நுனியில் புனல் ஒன்றை வைத்து, அதை வெளியேறும் வாயைவிட ஒரு முழம் உயரமாக நிறுத்துங்கள். கிணற்றிலிருந்து ஒரு வாளி அள்ளிப் புனலில் ஊற்றினால், மறுபக்கம் ஒரு வாளி சுடுதண்ணீர் தானே வெளியேறும். வெளியேறும் வாயை ஒருபோதும் அடைக்கக் கூடாது. சூட்டில் தண்ணீர் விரியும். விரிய வழி இல்லாவிட்டால் பீப்பா வெடிக்கும்.

கிடுகுக் கூரையில் இதை ஏற்ற முடியாது. 60 லீற்றர் தண்ணீர் 60 கிலோ. அதோடு பெட்டியின் பாரமும் சேரும். முற்றத்தில் நாலு சீமெந்துக் கல்லின் மேல் வைத்தால் போதும். பிறர் காணியில் இருப்பவர்கள் ஆணிக்குப் பதில் சுரையாணி பாவியுங்கள். சொந்தக் காணி கிடைக்கும் நாளில் கண்ணாடியையும் பீப்பாவையும் வேறாகக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். விட்டுவிட்டுப் போன பொருட்களின் கணக்கு எமது மக்களிடம் ஏற்கனவே நீளமானது.

பெட்டி தெற்கே பார்க்க வேண்டும். சித்திரைப் புத்தாண்டையொட்டிய நாட்களில் எமது பகுதியில் மத்தியானச் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்ட தடிக்கு நிழல் இராது. அதன் பின் சூரியன் சற்று வடக்கே போய், ஆவணியில் மறுபடி உச்சிக்கு வந்து, மாரியில் நன்றாகத் தெற்கே சாய்கிறது. எமக்குச் சுடுதண்ணீர் கூடுதலாகத் தேவைப்படுவது மாரியில்தான். ஆகவே ஐந்து அடி நிலத்துக்கு இரண்டு அடி உயரும்படி, தெற்குப் பக்கம் சரித்து வையுங்கள். வைகாசியில் நல்ல வெய்யில் விழும் இடம் மார்கழியில் பலா மரத்தின் நிழலாக இருக்கலாம். இடம் தெரியுமுன் இதை எண்ணிப் பார்க்கவும்.

மாலை மூன்று, நான்கு மணிக்குத் தண்ணீர் நல்ல சூட்டில் இருக்கும். அப்போது குளிப்பதே சிறந்தது. விடியற்காலையில்தான் வேண்டும் என்பவர்கள் பொழுது சாயுமுன் கண்ணாடியின் மேல் பழைய சாக்கும் வைக்கோலும் மூட வேண்டும். அப்படியும் இளஞ்சூடே மிஞ்சும். உச்சி வெய்யிலில் சில நாட்களில் 60 பாகையையும் தாண்டலாம். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர். குழந்தையை இறக்குமுன் தாய் முழங்கையை வைத்துப் பார்க்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இந்தப் பெட்டி உதவாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்நாட்களுக்கு இரண்டு வாய் உள்ள அடுப்பு நல்லது. 1980களில் எமது நாட்டில் உருவான 'அனகி' மண் அடுப்பு அத்தகையது. முன்வாயில் சோறு வேகும்போது பின்வாயில் தண்ணீர் சுடும். அதற்கென்று தனி விறகு இல்லை.

கடையில் வாங்குவோருக்கு

வீடு கட்டி முடித்தவர்கள், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் உதவியோடு வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வைத்த சூடாக்கியை வாங்குகிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் எமது நிலம் சுண்ணாம்புக் கல், தண்ணீர் கடினமானது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். சூடு ஏற ஏற அந்தப் படிவு கூடும். ஒடுங்கிய குழாயை அடைக்கும். எனவே விற்பவரிடம் விலைக்கு முதல் கேட்க வேண்டியவை வேறு. உட்பகுதியைத் திறந்து கழுவ முடியுமா? ஒரு கண்ணாடிக் குழாய் உடைந்தால் அது யாழ்ப்பாணத்தில் கிடைக்குமா, கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டுமா? மழைநீர் சேகரிப்பவர்கள் அதைச் சூடாக்கிக்கு விட்டால் படிவு மிகக் குறையும். எமது பீப்பாவோ வயிறு அகன்றது. ஆண்டுக்கு ஒரு தடவை கழுவினால் போதும்.

குடிப்பதற்கு அல்ல

பீப்பாத் தண்ணீரைக் குடிக்கவோ பால்மா கரைக்கவோ கூடாது. துரு இருக்கும், நாட்கணக்கில் இளஞ்சூட்டில் நின்றால் கிருமியும் பெருகும். பாவிக்காமல் பல நாள் நின்ற தண்ணீரை மரங்களுக்கு ஊற்றிவிடுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விடயத்தை யாவரும் அறிவீர்கள். 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தது. எண்ணெயோ, உரத்தாலும் மலக்குழியாலும் சேரும் நைத்திரேற்றோ கொதிக்க வைப்பதால் நீங்காது. கொதித்து வற்ற வற்ற நைத்திரேற்று செறியும். கைக்குழந்தைக்கு அது ஆபத்து. அப்படிச் சந்தேகமுள்ள கிணறானால் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லித் தண்ணீரைச் சோதிப்பிக்க வேண்டும். வயிற்றோட்டக் கிருமிக்கு மட்டும் வெய்யில் மருந்தாகும். தெளிந்த தண்ணீரை நிறமில்லாத பிளாஸ்டிக் போத்தலில் நிரப்பி, தகரத்தின் மேல் ஆறு மணித்தியாலம், மப்பு நாளானால் இரண்டு நாள், வெய்யிலில் கிடத்தினால் பெரும்பாலான கிருமிகள் இறந்துவிடும்.

அடுத்த கூட்டத்துக்கு வருமுன் ஒவ்வொரு வீட்டாரும் ஒரு கிழமைக்குக் குளிப்புத் தண்ணீருக்கு மட்டும் எரித்த விறகை நிறுத்து எழுதி வாருங்கள். தராசு இல்லாதவர்கள் கட்டுக்கணக்காக எழுதலாம். முற்றத்தில் ஒரு தடியை நட்டு, காலை ஒன்பது மணிக்கும் மத்தியானமும் பிற்பகல் மூன்று மணிக்கும் எங்கே நிழல் விழுகிறது என்று கல் வைத்து அடையாளமிடுங்கள். பெட்டியை எங்கே வைப்பது என்று அந்தக் கற்களைப் பார்த்துச் சேர்ந்து முடிவு செய்வோம். முதற் பெட்டி எந்த வீட்டுக்கு என்பதையும் அன்றே பேச வேண்டியிருக்கும். எமது எண்ணம், கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு. உங்கள் எண்ணம் வேறாக இருந்தால் அங்கே சொல்லுங்கள்.