மணிலாச் செடி கற்பிக்கும் விஞ்ஞானப் பாடம்

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் "மல்லாட்டை" என்று வழங்கும் மணிலாக்கொட்டையை அறியாத பிள்ளை இல்லை. ஆயினும், "பூ செடியின்மேல் பூக்கிறது, காயோ மண்ணுக்குள் இருக்கிறது. இஃது எவ்வாறு?" என்று வினவினால், வேரில் காய்ப்பதாகச் சொல்லுவோர் உளர். வேர்க்கடலை என்னும் பெயரும் அவ்வெண்ணத்திற்கு இடந்தருகின்றது.

உபாத்தியாயர் விடையை உடனே கூறிவிடலாம். பிள்ளைகள் ஏட்டில் எழுதிக்கொண்டு பரீட்சைக்குப்பின் மறந்துவிடுவர். சிந்தனை ஒரு சிக்கலை உணர்வதிலிருந்தே தொடங்குகின்றது என்று அமெரிக்கக் கல்வியறிஞர் ஜான் டூயி 1910-ல் எழுதினார். 1937-ல் வார்தா மகாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைவேலையையே கல்விக்கு வாயிலாகக் கொண்டது. ஆதலின் வினாவையே பாடமாக நிறுத்துதல் நலம். அதற்குரிய முறை வருமாறு:

1. ஊகம்: பிள்ளைகள் கூறும் விடைகள் அனைத்தையும் கரும்பலகையில் எழுதுக. தவறான விடையை இகழலாகாது. சோதித்துப் பார்க்கத் தகுந்ததும் அதுவே.

2. சோதனை: ஆனி, ஆடி மானாவாரி விதைப்பின்போது பள்ளித் தோட்டத்தில் பத்துச் செடிகள் வளர்க்க. விதைத்து 25 முதல் 30 நாட்களில் பூக்கும். காலையில் மலர்ந்து அன்றே வாடும் பூவின் கணுவில் வர்ண நூல் கட்டுக. சில நாட்களில் அங்கிருந்து கூரிய விழுது கீழ்நோக்கி இறங்கும். ஐந்து செடிகளுக்கு மண் அணைத்து, மற்றைய ஐந்தின் கிளைகளை விழுது மண்ணைத் தொடாதவாறு குச்சி நட்டு உயர்த்துக. அவ்வாறு தொங்கும் விழுதுகளில் ஒன்றை மட்டும் ஈரமண் நிறைந்த கொட்டாங்கச்சியில் இறக்குக.

3. முடிவு: ஏறக்குறைய 105 நாட்களில் செடிகளைப் பிடுங்கி எண்ணுக. மண்ணைச் சேர்ந்த விழுதில் காய் உண்டு. அந்தரத்தில் நின்றது உலர்ந்திருக்கும். வேருக்குத் தொலைவான கொட்டாங்கச்சியிலும் காய் பிடித்திருப்பின், வேரில் காய்ப்பதென்னும் ஊகம் தானே வீழும்.

4. பயன்: காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேராக உறிஞ்சுகின்றது. ஏக்கருக்குச் சுமார் 160 கிலோ ஜிப்சத்தை 40 முதல் 45 நாட்களில் இட்டு மண் அணைப்பது இதன்பொருட்டே. விழுது இறங்கியபின் கொத்தினால் அவை அறுபடும். சங்கத்தில் கடன்பெற்று விதை வாங்கிய குடியானவருக்கு அறுந்த விழுது ஒவ்வொன்றும் நஷ்டமாகும். கண்ணால் கண்ட பிள்ளை இதனை வீட்டில் எடுத்துரைக்கும்.

இப்பாடத்திற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. வாரந்தோறும் சிறிது நேரமும், விடையை அடக்கிவைக்கும் பொறுமையுமே வேண்டும். 1940-ல் வெளிவந்த டி.எம்.வி. 2 என்னும் மணிலா ரகத்தின் பெயரிலுள்ள எழுத்துக்கள் திண்டிவனத்தையே குறிப்பன. அவ்வூர் ஆராய்ச்சிப் பண்ணையில் விஞ்ஞானிகள் மேற்கொண்ட வழியும் வினவுதல், சோதித்தல், எண்ணுதல் என்பதே. அவ்வழி கிராமப் பள்ளியின் தோட்டத்திலும் திறந்தே இருக்கின்றது.